பொய் சொல்லப் பழக்கிய தராசு

துலாக்கோல் என்று தமிழ் சொல்லும் கருவியை அறபு மொழி மீஸான் என்கிறது; எடையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. நாம் நாள்தோறும் வழங்கும் 'தராசு' பாரசீகம் தந்தது. இம்மொழியாரெல்லாம் கடைவீதியில் கண்ட அக்கருவி, இக்காலத்தில் கண்ணுக்குப் புலனாகாத இடங்களிலும் தொழில் செய்கிறது. மின்சார மிதிவண்டியின் கண்ட்ரோலர் பெட்டிக்குள்ளும் ஒன்று உண்டு.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அத்தகைய வண்டியில் வீடுவீடாகப் பொருள் கொண்டுசேர்த்துப் பிழைக்கிறார். "மேம்பாலம் ஏறும்போது வண்டி சோர்ந்துபோகிறது, ஹஜ்ரத். ஷண்ட்டில் கொஞ்சம் ஈயம் வைத்தால் வேகம் கூடும் என்கிறார்கள். செய்யலாமா?" என்று கேட்டார்.

ஷண்ட் என்பது தடித்த, குட்டையான கம்பித்துண்டு. பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் அதன் வழியே செல்கிறது. அதன் இரு முனைகளுக்கிடையே தோன்றும் சிறு மின்னழுத்தத்தைப் பார்த்தே, எவ்வளவு ஓடுகிறதென்று கண்ட்ரோலர் அறிகிறது. 36 வோல்ட் வண்டி ஒன்றில் எல்லை 15 ஆம்பியர் என்றும், ஷண்ட்டின் மின்தடை 5 மில்லி ஓம் என்றும் கொள்வோம். 75 மில்லி வோல்ட் தெரிந்தவுடன் கண்ட்ரோலர் கடிவாளத்தைப் பிடித்துவிடும். அக்கம்பியின்மேல் ஈயம் பூசினால் தடை குறையும். அது 4 மில்லி ஓம் ஆனால், அதே 75 மில்லி வோல்ட் தோன்ற 18.75 ஆம்பியர் ஓடவேண்டும். பெட்டியோ 15 என்றே நம்பிக்கொண்டிருக்கும். தடை பாதியாகிவிட்டால் ஓட்டம் 30 ஆம்பியர் வரை ஏறும். எவ்வளவு ஈயம் எவ்வளவு தடையைக் குறைக்கும் என்பதைக் கண்ணால் மதிப்பிட இயலாது.

1841-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட விதி இங்கே நினைக்கத்தக்கது. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்ப உயரும். ஓட்டம் நாலில் ஒரு பங்கு கூடினால் வெப்பம் பாதிக்கும் மேலாகக் கூடும். இரட்டித்தால் வெப்பம் நான்மடங்காகும். அவ்வெப்பத்தைச் சுமப்பவை மோட்டாரின் செப்புச் சுருள்கள், மோஸ்பெட் என்னும் மின் வாயில்கள், ஒயர்களின் இணைப்புகள், பேட்டரியின் கலங்கள். இவற்றுள் எதனிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை. பேட்டரிக்குள் தனியே ஒரு காவல் சுற்று இருக்கும். மிகுதியாக இழுத்தால் அது மின்னை அறுத்துவிடும். அதையும் விலக்கிவிட்டு ஓட்டுவோர் உளர். வீட்டுக்குள், பிள்ளைகள் உறங்கும் அறைக்கு அருகே, அந்தப் பேட்டரியைத்தான் இரவில் சார்ஜ் போடுகிறார்கள்.

இத்தனைக்கும் மாணவர் தேடிய வேகம் இதில் இல்லை. சமதளத்தில் உச்ச வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மின்னழுத்தம். மின்னோட்டம் தருவது இழுவிசையை. ஆகவே ஏற்றத்தில் பலன் தெரியும். சமதளத்தில் மிகுதியாகத் தெரியாது.

சட்டமும் ஓர் அளவு வைத்திருக்கிறது. நம் நாட்டில் 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் உடைய சிறு மின்வண்டிகளுக்கே பதிவிலிருந்து விலக்கு உண்டு. மோட்டார் அரைமணி நேரம் இடையறாது தரக்கூடிய ஆற்றலே இங்குக் கணக்கு. அவ்வளவைக் கடந்த வண்டிக்குப் பதிவும் உரிமமும் காப்பீடும் வேண்டும். விபத்து நேர்ந்தால், அடிபட்டவரின் குடும்பம் காப்பீடில்லாத வண்டியிடம் எதைப் பெறும்?

கூடுதல் வலிமை வேண்டுவது குற்றமன்று. பிழைப்புக்காக ஏற்றம் ஏறுபவருக்கு அது நியாயமான தேவையே. அதற்கு நேரான வழி உண்டு: பெரிய எல்லைக்கென்றே செய்த கண்ட்ரோலர், அதைத் தாங்கும் பேட்டரி, தடித்த ஒயர், ஏற்ற பிரேக், வேண்டுமாயின் பதிவு. செலவு மிகுதிதான், ஆயினும் அங்கே பெட்டி 20 ஆம்பியர் என்றால் 20 ஆம்பியரே ஓடும். ஈயம் பூசிய ஷண்ட்டோ, வாங்குபவரை ஏமாற்றும் படிக்கல்லைப் போன்றதுகூட அன்று. கள்ள வணிகனுக்குத் தன் கல்லின் உண்மை எடை தெரியும். இங்கே வண்டிக்காரருக்கே அது தெரியாமற் போகிறது.

மாணவரிடம் இதையே சொன்னோம். அவர் ஈயத்தை விட்டுவிட்டு, முதலில் டயரில் காற்றையும், உராயும் பிரேக்கையும், தளர்ந்த பேட்டரியையும் சோதிக்கச் சென்றிருக்கிறார். சோர்வின் காரணம் அவற்றுள் ஒன்றாகவே இருக்கட்டும் என்பது நம் விருப்பம்.