ஊதா ஜிங்ஸும் கருப்பு ஜிங்ஸும்

போக்கிமான் அட்டைகளில் ஜிங்ஸ் என்று ஒன்று உண்டு. பொன்னிற முடி, சிவப்பு கவுன், தடித்த உதடு. இப்போது வரும் அட்டைகளில் அதன் முகம் ஊதா. 1999-ல் அமெரிக்காவில் வெளியான முதல் தொகுப்பில் அதே முகம் கன்னங்கரேல் என்றிருந்தது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்து, கருப்பின மக்களைக் கேலி செய்து ஆடினார்களே, அந்த முகம். 2000-ல் கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்ட் என்ற கருப்பின எழுத்தாளர் இதைக் கண்டித்து எழுதினார். வரைந்தவர் மனதில் வேறு என்னவோ இருந்தது என்று பல விளக்கம் சொல்கிறார்கள். இருக்கட்டும். பிற்பாடு முகம் ஊதாவானது. உதட்டை யாரும் தொடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் மாலை வகுப்பு எடுக்கும் தெருப் பிள்ளைகளிடமும் இந்த அட்டை இருக்கிறது. ராஜபாளையத்துக் கடையில் மலிவாக வாங்கிய நகல். ஒரு பையன் பழைய படத்தைச் செல்போனில் தேடி எடுத்து, "அக்கா, இதுல எதுக்கா ஒரிஜினல்?" என்றான். கருப்புதான் என்றேன். இரண்டே நாளில் ஒரு சிறுமிக்குப் 'பழைய ஜிங்ஸ்' என்று பட்டப்பெயர். வைத்தது வெளியாட்கள் இல்லை, அதே தெருப் பிள்ளைகள். சாதி சொல்லித் திட்டுவாங்கும் பிள்ளைகளுக்கே கருப்பு கேலியாகத் தெரிகிறது என்றால், அட்டைக்காரனை மட்டும் குறை சொல்லி என்ன?

எனக்குக் 'காலனி' நினைவுக்கு வந்தது. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். முகவரியைக் கேட்டே ஆளை அளக்கும் ஊரில், வேலை தேடிப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. "பேரை மாத்தி என்ன ஆகப்போகுது" என்று நம்மவர்களே சலித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஊதாகூட ஒருத்தி கேட்ட பிறகுதான் வந்தது.

ஆனால் பலகையில் புதுப் பெயர் எழுதிய பிறகும் சுடுகாடு தனி, அதற்குப் போகும் பாதை தனி என்றால் உதடு அப்படியே இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதனால், பெயரை மாற்றச் சொல்லிக் கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அதே கையோடு பொதுச் சுடுகாட்டுக்கும் ஒரு மனு எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் இரண்டும் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.