தம்பி கண்டெடுத்த கல்

சென்ற விடுமுறையில் இரத்தினபுரியில் உள்ள சாச்சியின் வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் சிறிது தூரம் நடந்தால் களுகங்கை. மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்திருந்த ஒரு காலையில், கரையில் விளையாடிக்கொண்டிருந்த தம்பி எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தான். பேரீச்சம்பழ அளவில் ஒரு கல். பால் கலந்த தண்ணீர் போன்ற நிறம். வெயிலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் உள்ளே நுழைந்து மங்கலாக மறுபக்கம் தெரிந்தது.

"தாத்தா, இது கெவுடாதானே?" என்று கேட்டான்.

பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை. எங்கள் அப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, நாற்பது வருடங்கள் பேருவளை சீனன்கோட்டையில் கல் வியாபாரம் செய்தவர். கெவுடாவின் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அது பால்நிறமான குருந்தக்கல். நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் அதே குருந்த இனம்தான். ஒரு காலத்தில் நம் நாட்டில் கெவுடாவை யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிப் போனார்கள். 1,600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினார்கள். பால்நிறம் மறைந்து நீலம் பிறந்தது. "எங்கட கையாலயே கொடுத்தோம், புள்ள. என்ன கொடுக்கிறோம் எண்டு தெரியாமலே கொடுத்தோம்" என்று அப்பா இன்றும் சொல்வார்.

தம்பி அடுத்துச் சொன்னதுதான் என்னைச் சுட்டது: "இத வித்து வாப்பாட த்ரீவீலத் திருப்பி எடுப்போம்."

தவணைப் பணம் கட்ட முடியாமல் வாப்பாவின் முச்சக்கரவண்டி கைவிட்டுப் போய் ஏழு மாதங்கள். இப்போது வேறொருவரின் வண்டியை நாள் வாடகைக்கு ஓட்டுகிறார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தம்பிக்கு அது தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் கல்லை அப்பாவிடம் கொடுத்தோம். அவருக்குக் கண்புரை. கல்லின் நிறத்தை இப்போது அவரால் பிரித்தறிய முடியாது. கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "நல்ல குளிர்" என்றார். பழைய போத்தல் ஒன்றை எடுத்து அதில் கல்லால் கீறச் சொன்னார். கோடு விழுந்தது. "கண்ணாடி இல்ல." பிறகு உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்கினார். "ஆனா கனம் காணாது, மகள். நீங்கதானே பௌதிகவியல் படிக்கிறீங்க. அளந்து பாருங்க."

பாடசாலை தொடங்கியதும் ஆசிரியையிடம் அனுமதி பெற்று ஆய்வுகூடத்தில் அளந்தேன். கல்லின் திணிவு 21.2 கிராம். ஒரு கரட் என்பது 0.2 கிராம், ஆகவே 106 கரட். கை நடுங்கியது. அடுத்து நீருள்ள முகவையை இலத்திரனியல் தராசில் வைத்து வாசிப்பைப் பூச்சியமாக்கினேன். கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீருக்குள் இறக்கினேன். ஆக்கிமிடீசின் தத்துவப்படி, தராசு காட்டுவது கல் இடம்பெயர்த்த நீரின் திணிவு. குருந்தத்தின் சாரடர்த்தி 4. அப்படியானால் தராசு 5.3 காட்ட வேண்டும். 'யா அல்லாஹ், 5.3' என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

தராசு 8.0 காட்டியது.

நூலை மாற்றினேன். கல்லில் ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகளைத் துடைத்தேன். மூன்று முறையும் அதே வாசிப்பு. 21.2ஐ 8.0ஆல் வகுத்தால் 2.65. அது படிகக்கல்லின் சாரடர்த்தி. சிலிக்கன் ஈரொட்சைட்டு. ஆற்று மணலில் நிறைந்து கிடப்பதும் அதுதான்.

இதைக் கேள்விப்பட்ட தெரிந்தவர் ஒருவர், "சந்திரகாந்தக்கல் எண்டு சொல்லி வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அன்றிரவு எனக்கும் அந்த ஆசை வந்தது. ஒரு மாதத் தவணையாவது கிடைக்குமே என்று கணக்குப் பார்த்தேன். விடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டதையும், மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டதையும் நினைவுபடுத்தினார். "எங்களுக்குத் தெரியாததால கெவுடாவக் கொடுத்தோம். வாங்கினவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அந்த வேதனைய நீங்க இன்னொருத்தருக்குக் கொடுக்க வேணாம்."

தம்பியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இது பொய்க் கல்லா?" என்று கேட்டான்.

"இல்லடா. இது உண்மையான கல்தான். நாங்கதான் அதுக்குப் பிழையான பேர் வெச்சோம்."

வாப்பா விஷயம் தெரிந்து சிரித்தார். தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "என்ட வண்டிய நான் எடுப்பேன், மகன். அது உங்கட வேல இல்ல" என்றார். அவர் குரல் கரகரத்ததை நானும் உம்மாவும் கவனித்தோம்.

இரண்டு நாட்களின் பின் அப்பா தன் அலுமாரியிலிருந்து பழைய தகரப் பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். விற்காமல் மிஞ்சிய சிறு கற்கள். "என்ட கண்ணுக்கு இனி இதெல்லாம் ஒண்டுதான். ஒவ்வொண்டா அளந்து பேர் எழுதி வைங்க" என்றார். தன் பெண்மக்கள் எவரையும் கல்லுக்குப் பக்கத்தில் இருத்தாத மனிதர் அவர். உம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியின் கல் இப்போது என் மேசையில், பாடக்குறிப்புகளின் மேல் இருக்கிறது. அதன் கீழே அவனே எழுதி வைத்த சிறு துண்டுக் காகிதம்: "படிகக்கல். 2.65. களுகங்கையில் நான் எடுத்தது."