கடல் கடந்த பிறந்தநாள்

வாழைச்சேனையைத் தாண்டித் திருகோணமலை வீதியில் வடக்கே போனால் காயான்கேணி, அதன் பிறகு மாங்கேணி. கிழக்கே கடல், மேற்கே களப்பு. 2004 சுனாமியையும் 2006–2007 இடப்பெயர்வையும் அடுத்தடுத்துக் கண்ட வாகரைப் பிரதேசத்துக் கிராமம் இது. மீன்பிடியும் கூலி வேலையும் போதாத வீடுகளிலிருந்து பெண்கள் மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். பாதியில் நிற்கும் கல்வீடு, தங்கையின் சீதனம், பிள்ளைகளின் ரியூசன் காசு என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு காரணம் உண்டு.

இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் பிறந்தநாளைக் கேட்டால் பலர் திகதி சொல்லமாட்டார்கள். “சூறாவளி அடிச்ச வருசம்” என்பார்கள். அது 1978. பிள்ளையின் நட்சத்திரத்துக்குக் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்வதோடு சரி. கேக் வெட்டுவதெல்லாம் பின்னால் வந்த பழக்கம்.

அங்கே நான் சந்தித்த ஒரு தாய், நான்கு ஆண்டுகள் குவைத்தில் பணிப்பெண்ணாக இருந்து திரும்பியவர். தன் வாழ்நாளில் முதன்முதலாகப் பிறந்தநாள் கொண்டாடியது அங்கேதான் என்றார்.

“வியாழக்கிழமை ராவு வேலை முடிஞ்சதும் கூட்டாளிர அறைக்குப் போனன் புள்ள. ஏறாவூர்ப் பிள்ள ஒண்டு, ஹட்டன் பிள்ள ஒண்டு, குருநாகல் சிங்கள அக்கா ஒராள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கேக் வாங்கினம். நான் இறால் கறி ஆக்கினன். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடற்கரையில போய்க் குந்தியிருந்தம். பிள்ளைகளோட போனில கதைச்சிட்டு அழுதன். அவளுகளும் அழுதாளுகள். மறுகா எல்லாரும் சிரிச்சம்.”

பெற்றவளும் கூடப்பிறந்தவளும் அருகில் இல்லாத இடத்தில் அந்த மூவரும்தான் அவருக்குத் தாய்வீடு. காய்ச்சல் வந்தபோது மருந்து வாங்கிக் கொடுத்தவர்களும், சம்பளம் இழுபட்டபோது எங்கே முறையிடுவது என்று சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்களே.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது எஜமானியின் தயவு அல்ல, உரிமை. குவைத்தின் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டமும், கட்டாரின் 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் வீட்டுப் பணியாளருக்கு அதை வழங்குகின்றன. சர்வதேச தொழில் அமைப்பின் 189ஆம் இலக்கச் சமவாயம் (2011), தொடர்ச்சியாக 24 மணித்தியாலமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. ஆயினும் வாசலைத் தாண்ட விடாத வீடுகள் இன்னும் உண்டு. ஓய்வு நாள் இல்லாதவளுக்குத் தோழி கிடைப்பதில்லை. தோழி இல்லாதவளின் துன்பம் மதிலுக்கு வெளியே கேட்பதில்லை.

அந்தக் கூட்டாளிகளில் ஒருத்திக்கு இரண்டு பிறந்தநாட்களாம். ஒன்று தாய் பெற்ற நாள், மற்றது முகவர் கடவுச்சீட்டில் எழுதுவித்த நாள். இரண்டுக்கும் கேக் கேட்டு அவளைக் கேலி செய்வார்களாம். எனக்கோ மூதூர் ரிசானா நபீக்கின் நினைவு வந்தது. அவரது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருந்த ஆண்டு 1988, கடவுச்சீட்டில் இருந்தது 1982. 2005இல் சவூதிக்குப் போனபோது உண்மை வயது 17. அவர் பராமரித்த குழந்தை இறந்த வழக்கில் 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அவர் சிறுமி என்று எடுத்துச் சொன்னபோதெல்லாம் அந்தக் கடவுச்சீட்டே எதிராக நின்றது.

சகோதரிகளே, வறுமை நம்மைக் கடல் கடக்க வைக்கலாம். ஆனால் பிறந்த திகதியை மாற்ற யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போங்கள். ஒப்பந்தத்தில் ஓய்வு நாள் எழுதப்பட்டிருக்கிறதா என்று கையொப்பமிட முன் கேளுங்கள். கடவுச்சீட்டினதும் ஒப்பந்தத்தினதும் பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போன இடத்தில் முதலில் ஒரு தோழியைத் தேடிக்கொள்ளுங்கள். அவள் எந்த ஊர், எந்த மதம், எந்த மொழி என்று பார்க்க வேண்டாம்.