கார்த்திகை முதல் வைகாசி வரை: ஆழ்வான் படக் குறிப்பேடு

கார்த்திகை, தேய்பிறை. மழை

ஆழ்வான் படம் என்பது சூரியக் குடும்பத்துக்கு அப்பாலுள்ள பொருட்களின் படம். நெபுலா எனப்படும் வாயு முகில்கள், விண்மீன் கொத்துகள், பால்வீதிக்கு வெளியே கிடக்கும் காலக்ஸிகள் ஆகியவை இதில் அடங்கும். வியாழனையும் சனியையும் படமெடுக்க உருப்பெருக்கம் வேண்டும். ஆழ்வான் பொருட்களில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை. ஆண்ட்ரொமிடா காலக்ஸி வானத்தில் ஏறத்தாழ மூன்று பாகை நீளம். ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால்தான் அந்த நீளம் வரும். இருந்தும் நகரத்து மொட்டைமாடியிலிருந்து அது கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை, அவ்வளவு மங்கல். ஆகவே இந்தத் துறையின் முழு உழைப்பும் ஒளியைச் சேர்ப்பதில்தான் போகிறது. ஒளியைச் சேர்க்க நேரம் வேண்டும், இருட்டு வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டி நூல்கள் புதிதாக வருபவரை ஆண்ட்ரொமிடாவிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அது முன்னிரவில் நன்றாக மேலேறி நிற்கும். ஆனால் அதே நாட்களில் வடகிழக்குப் பருவமழை. மழை விட்டு வானம் தெளியும்போது அது மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். தை பிறப்பதற்குள் கிடைக்கும் முதல் இரண்டு மணி நேர இருட்டில்தான் அதைப் பிடிக்க முடியும். இந்த மண்ணில் வேலை செய்பவருக்கு வேறு வரிசை பொருந்தும்: மார்கழி, தையில் ஓரியன் நெபுலா, மாசியில் கரினா நெபுலா, பங்குனி, சித்திரையில் ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து. பின்னவை இரண்டும் லண்டனில் இருப்பவருக்கு அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

மழைநாட்கள் கருவிக்கு உரியவை. 80 மில்லிமீட்டர் வாய் கொண்ட சிறு ஒளிவிலகல் தொலைநோக்கி, 400 மில்லிமீட்டர் குவியத் தொலைவு, ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சர் கொண்ட கேமரா. இந்தச் சேர்க்கையில் படத்தின் அகலம் ஏறத்தாழ 3.4 பாகை, உயரம் 2.2 பாகை. பெரிய நெபுலாக்கள் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். செலவைக் குவிக்க வேண்டிய இடம் தொலைநோக்கி அல்ல, அதைத் தாங்கிச் சுழற்றும் மவுண்ட். பூமி சுழல்வதால் விண்மீன்கள் ஒரு நொடிக்கு 15 விகலை வரை நகர்கின்றன. விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. மேற்சொன்ன சென்சரில் அது ஏழெட்டுப் புள்ளிகள். மவுண்ட் அந்த நகர்வை ஒன்றிரண்டு விகலைப் பிழைக்குள் ஈடுகட்டினால்தான் விண்மீன் வட்டமாக விழும். விலை உயர்ந்த தொலைநோக்கியை ஆடும் மவுண்டில் வைப்பதைவிட, பழைய 200 மில்லிமீட்டர் கேமரா லென்ஸை உறுதியான மவுண்டில் வைப்பது எவ்வளவோ மேல்.

மார்கழி, அமாவாசையை ஒட்டி. ஜவ்வாது மலை. தெளிவு, கடும் பனி

இருட்டை அளக்க, ஜான் போர்ட்டில் 2001இல் வகுத்த ஒன்பது படி அளவுகோல் உதவுகிறது. 1 என்றால் மாசில்லா வானம், 9 என்றால் பெருநகரின் நடுப்பகுதி. ஜவ்வாது மலையில் ஏறினால் சென்னையின் வானத்தோடு ஒப்பிடவே முடியாத இருட்டு கிடைக்கிறது. காவலூரில் வைணு பாப்பு ஆய்வகம் அமைந்ததும், அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறந்துவைக்கப்பட்டதும் இந்த மலையின் வானத்தை நம்பித்தான். இப்போது வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர் வெளிச்சம் அடிவானத்தில் மஞ்சளாக ஏறி நிற்கிறது. தெற்கும் உச்சியும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன.

அந்த வடக்கு மஞ்சள்தான் முதல் இடைஞ்சல். மவுண்டின் சுழலச்சு வான துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். அதற்கு அடையாளம் துருவ நட்சத்திரம். ஓர் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ, துருவத்தின் உயரமும் அவ்வளவே. ஜவ்வாது மலையில் அது பன்னிரண்டரை பாகை. கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால், முஷ்டிக்குச் சற்று மேலே. ஒரு புளியமரமோ எதிர்மேடோ போதும், துருவ நட்சத்திரம் மறைந்துவிடும். மறையாவிட்டாலும் புழுதியும் ஊர் வெளிச்சமும் அதை விழுங்கிவிடும். மவுண்டும் முரண்டு பிடிக்கும். அச்சை இவ்வளவு தாழ்த்தும்போது எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். காலைச் சற்றுத் திருப்பி வைப்பதோ, முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே நீட்டிப்புத் துண்டு போடுவதோ இதற்கு வழி.

துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் கணினி கைகொடுக்கிறது. கேமரா எடுக்கும் ஒரு படத்தில் உள்ள விண்மீன்களை அட்டவணையோடு ஒப்பிட்டு, தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்பதை மென்பொருள் கண்டுபிடித்துவிடும். மவுண்டைக் கிழக்கு மேற்காகத் திருப்பி மூன்று இடங்களில் இப்படிப் பார்த்தால், அச்சு துருவத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது திரையில் வந்துவிடும். அதைப் பார்த்தபடி, அச்சின் உயரத்தையும் திசையையும் மாற்றும் இரண்டு திருகுகளையும் திருப்ப வேண்டியதுதான். திருகைத் தளர்த்தி இறுக்கும் அந்தக் கடைசித் திருப்பில் அச்சு மறுபடி நகரும். இறுக்கிய பின் ஒருமுறை அளந்து பார்க்காமல் படத்துக்குப் போகக் கூடாது.

இரண்டாவது இடைஞ்சல் பனி. இரவு பதினொரு மணிக்கு மேல் முன்கண்ணாடியில் மெல்லிய படலம் படியும். திரையில் விண்மீன்கள் பருத்து, மங்கி, ஒளிவட்டம் சூடுவது அதன் அறிகுறி. துணியால் துடைத்தால் கண்ணாடியின் மேற்பூச்சு கீறிவிடும். குழாயின் வாயைச் சுற்றி மெல்லிய சூட்டுப் பட்டை கட்டி, கண்ணாடியைச் சுற்றுக்காற்றைவிட ஓரிரு பாகை வெதுவெதுப்பாக வைத்திருந்தால் போதும்.

தை, அமாவாசைக்குப் பின். இலக்கு: ஓரியன் நெபுலா

மெசியே வான்பொருள் பட்டியலில் 42ஆவது பொருள். தொலைவு சுமார் 1,300 ஒளியாண்டுகள். தை மாதத் தொடக்கத்தில் இரவு பத்து மணியளவில் உச்சிக்கு அருகே, 72 பாகை உயரத்தில் நிற்கிறது. இவ்வளவு உயரத்தில் காற்றின் தடிமன் மிகக் குறைவு. ஆகவே மலையில் கிடைக்கும் ஒளி ஏறக்குறைய முழுதாக வந்துசேர்கிறது.

ஆழ்வான் படக்கலை தொடங்கியதே இந்த நெபுலாவில்தான். நியூயார்க்கை அடுத்த தன் சொந்த ஆய்வகத்தில் ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிடம் திறந்துவைத்து இதன் முதல் படத்தை எடுத்தார். 1883 ஜனவரியில் லண்டனை ஒட்டிய ஈலிங்கில், சுகாதாரப் பொறியாளரான ஆண்ட்ரூ எய்ன்ஸ்லி காமன், தன் தோட்டத்தில் நிறுத்திய 36 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கியால் 37 நிமிடத்தில் இன்னும் ஆழமான படத்தை எடுத்தார். கண் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காணாத விண்மீன்கள் அதில் பதிந்திருந்தன. புகைப்படத் தகடு கண்ணை முந்திவிட்டது என்று வானியல் உலகம் ஏற்றுக்கொண்டதில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த ஆண்டு ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் அளித்தது. இருவருமே வானியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் எவருக்கும் அவர்கள்தாம் முன்னோர்.

இன்று ஒரே நீண்ட திறப்புக்குப் பதில் பல குறுந்திறப்புகள். 120 நொடி கொண்ட ஒரு சட்டம் (ஒரு திறப்பில் கிடைக்கும் தனிப்படம்) கேமராத் திரையில் வரும்போது பார்ப்பதற்கு ஒன்றுமிருக்காது: சாம்பல் பின்னணி, நடுவில் வெளிறிய திட்டு, அதைச் சுற்றி மங்கலாக ஏதோ ஓர் இறக்கை. ஒளியளவுப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமின் மேடு இடப்பக்க விளிம்பை விட்டுப் பிரிந்து, நடுவுக்கு வராமல் நின்றால் திறப்பு நேரம் சரி. ஓரியன் நெபுலாவுக்கு இதோடு இன்னொரு தொகுதியும் வேண்டும். அதன் நடுவில் உள்ள டிரபீசியம் விண்மீன்கள் நான்கும் இரண்டு நிமிடத்தில் வெள்ளைத் திட்டாகக் கரைந்துவிடும். ஐந்து நொடி, பத்து நொடிச் சட்டங்கள் தனியாக எடுத்து, பின்னர் மையப்பகுதியில் பொருத்தினால்தான் நான்கும் தனித்தனியாக நிற்கும்.

சிவப்பு ஏன் வெளிறுகிறது என்று புதியவர்கள் அடிக்கடி கேட்பார்கள். நெபுலாவின் சிவப்பு, 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஹைட்ரஜன் உமிழும் ஒளி. சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் சென்சருக்கு முன்னே உள்ள வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மனித முகத்தின் நிறம் சரியாக வரவேண்டும் என்று வைத்த ஏற்பாடு அது. அந்த வடிகட்டியை நீக்கிய கேமராவும் வானியலுக்கென்றே வந்த கேமராவும் அதே நேரத்தில் பல மடங்கு சிவப்பைச் சேர்க்கும்.

அதே இரவு, விடியல்

இலக்கு மேற்கே இறங்கிய பின்னும் பாதி வேலை மிச்சம். மூடியைப் போட்டு, அதே வெப்பநிலையில் அதே 120 நொடிக்கு எடுக்கும் இருட்டுச் சட்டங்கள் சென்சரின் சொந்த இரைச்சலையும் சுட்ட புள்ளிகளையும் பதிவு செய்கின்றன. தட்டைச் சட்டங்களுக்கு வெளுத்த வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகக் குழாயின் வாயில் இழுத்துக் கட்டி, கிழக்கு வெளுக்கும்போது உச்சி வானத்தை நோக்கி எடுத்தால் போதும். சென்சர்மேல் உள்ள தூசியின் நிழல், ஓரங்கள் இருண்டுபோவது எல்லாம் இவற்றில் விழும். கணக்கில் இவற்றால் வகுத்தால் படத்திலிருந்து நீங்கும். கேமராவைக் கழற்றுவதற்கு முன், குவியத்தைத் தொடாமல் இதைச் செய்ய வேண்டும். கேமரா கொஞ்சம் திரும்பினாலும் தூசி வேறு இடத்தில் நிற்கும். பிறகு அந்தச் சட்டங்களால் பயனில்லை.

தை, பௌர்ணமி. வீட்டில்

நிலவு வானத்தைக் கழுவிவிட்ட இந்த நாட்கள் கணினிக்கு உரியவை. சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்பதே ஸ்டாக்கிங். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். பொருளின் ஒளி நேரத்தோடு நேராகக் கூடும். இரைச்சல் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் கூடும். ஒரு மணி நேரத்தை நான்காக்கினால் தெளிவு இரண்டு மடங்கு, பதினாறாக்கினால் நான்கு மடங்கு. ஒரே இலக்குக்குப் பல இரவுகளை ஒதுக்குவதன் நியாயம் இதுதான். ஓர் இரவில் ஐந்து இலக்குகளைத் தொடும் ஆசை, ஐந்து சுமாரான படங்களைத் தரும். பல சட்டங்கள் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஏதோ ஒரு சட்டத்தில் குறுக்கே கோடிழுத்த செயற்கைக்கோளை, மற்றவற்றோடு ஒத்துப்போகாத மதிப்பு என்று கண்டு மென்பொருள் ஒதுக்கிவிடும்.

அடுத்து வருவது விரிவாக்கம். கூட்டிய படம் தொடக்கத்தில் கருமையாகவே இருக்கும். ஒளியெல்லாம் அளவுகோலின் அடியில் நெருக்கிக்கொண்டு கிடக்கும். அதைச் சிறுகச் சிறுக மேலே இழுக்கும்போது இறக்கைகள், இருண்ட தூசிப்பட்டைகள், நெபுலாவைச் சுற்றிய பழுப்புப் புகை எல்லாம் வெளிவருகின்றன. எல்லை மீறுவதும் இங்கேதான். பின்னணியை முழுக்கறுப்பாக்கினால் மங்கலான தூசி அழிந்துபோகும். கூர்மையைக் கூட்டினால் இல்லாத இழைகள் முளைக்கும். சட்டங்களில் இல்லாத எதையும் படத்தில் சேர்க்காமல் இருப்பது இந்தக் கலையின் நேர்மை. அது வெறும் நல்லொழுக்கப் பேச்சு அல்ல. 2004 ஜனவரியில் கென்டக்கியில் ஜே மெக்நீல் என்ற ஆர்வலர் மூன்று அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படங்களில், ஓரியனின் மெசியே 78 அருகே அதற்கு முந்தைய பெரும்பாலான படங்களில் இல்லாத ஒரு சிறு முகிலைக் கண்டார். பிறந்துகொண்டிருக்கும் ஒரு விண்மீன் திடீரென்று பிரகாசித்துச் சுற்றிய தூசியை ஒளிரச் செய்திருந்தது. இன்று அது மெக்நீல் நெபுலா. 2023 தொடக்கத்தில் டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், செய்ன்டி என்ற மூன்று ஆர்வலர்கள், தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து, ஆண்ட்ரொமிடாவின் அருகே ஏறத்தாழ ஒன்றரை பாகை நீண்ட ஆக்சிஜன் ஒளிவளைவு ஒன்றை அறிவித்தார்கள். வானத்தில் அதிகம் படமெடுக்கப்பட்ட இடங்களில் ஒன்றில், சிறு தொலைநோக்கியின் நீண்ட திறப்பு கொடுத்த கண்டுபிடிப்பு அது. கைவண்ணத்தால் மெருகேற்றிய படத்தில் இப்படி ஒன்று இருந்தால் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

மாசி, தேய்பிறை. இலக்கு: கரினா நெபுலா

சுமார் 7,500 ஒளியாண்டுகள் தொலைவு. ஓரியன் நெபுலாவைவிட வானில் பெரியது. ஆனால் ஜவ்வாது மலையிலிருந்து உச்ச உயரமே 18 பாகைதான். அங்கே ஒளி உச்சிவானத்தைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமான காற்றைத் துளைத்து வருகிறது: விண்மீன் துடிக்கும், நீலம் தேயும், புழுதி மூடும். நள்ளிரவை ஒட்டித் தெற்கில் நேராக நிற்கும் சில மணி நேரத்தை மட்டும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கன்னியாகுமரியில் நான்கு பாகை கூடுதலாகக் கிடைக்கும். எதிரே ஊர் இல்லாத கடல்.

பங்குனி, அமாவாசை. இலக்கு: ஒமேகா செண்டாரி

பண்டைய வானியலாளர் தாலமியின் அட்டவணையில் இது ஒரு விண்மீன். 1603இல் வானியலாளர் பேயர் கிரேக்க எழுத்துச் சூட்டியதும் விண்மீன் என்றே. 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த எட்மண்ட் ஹாலிதான் இது விண்மீன் அல்ல என்று குறித்தார். உண்மையில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் கோளமாகச் செறிந்த கொத்து, சுமார் 17,000 ஒளியாண்டுகள் தொலைவில். இங்கே 30 பாகை உயரம் ஏறுகிறது. சென்னையின் புறநகரிலிருந்தும் படத்தில் விழும். முதல் இலக்காக இதைவிடப் பொருத்தமானது இந்த மாநிலத்தின் வானத்தில் இல்லை. விண்மீன்கள் வெளிச்சமானவை என்பதால் 30 முதல் 60 நொடித் திறப்பே போதும். இதைத் தாண்டினால் நடுப்பகுதி வெளுத்துப்போகும். ஆனால் மவுண்டின் ஒவ்வொரு பிசகும் ஆயிரக்கணக்கான சிறு கோடுகளாக இதில் அம்பலமாகும்.

நாலரை பாகை வடக்கே செண்டாரஸ் ஏ, ஒரு கோடியே 20 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள காலக்ஸி, நடுவே கரிய தூசிப்பட்டையோடு. 400 மில்லிமீட்டரில் இரண்டும் சேர்ந்து அடங்காது. 200 மில்லிமீட்டர் லென்ஸில் நீளவாட்டத்தில் அடங்கும்.

சித்திரை, வைகாசி

இரவிலும் கேமரா சுடுகிறது. குளிரூட்டி இல்லாத சென்சரில், ஒளி படாதபோதும் சேரும் இருட்டு மின்னோட்டம் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் ஏறும்போதெல்லாம் இருமடங்காகும். மார்கழியில் எடுத்து வைத்த இருட்டுச் சட்டங்கள் இப்போது பொருந்தாது. மாலை இடிமேகங்களும் தொடங்கிவிட்டன. இனி எஞ்சுவது காப்பு வேலை: இறுதிப் படத்தை மட்டுமல்லாமல் மூலச் சட்டங்கள் அனைத்தையும், தேதி, திறப்பு நேரம், வெப்பநிலை, கேமராவின் கோணம் ஆகியவற்றோடு இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்தல். அடுத்த தையில் அதே கோணத்தில் எடுக்கும் ஓரியன் சட்டங்களை இவற்றோடு சேர்த்துக் கூட்டலாம்.