கொதித்த கீசரும் கட்டப்படாத ஒட்டகமும்



சென்னையின் குளிர் ஒரு குளிரா என்று வெளியூர் உறவினர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு. ஆயினும் மார்கழி மாதத்து ஃபஜ்ர் வேளையில், மொட்டை மாடித் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த நீரில் உளூச் செய்வது மூட்டுவலியுள்ள எங்கள் உம்மாவுக்கு எளிதாக இருக்கவில்லை. தாம்பரத்தை அடுத்த சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் குளியலறையில் 25 லிட்டர் கீசர் ஒன்றைப் பொருத்தியது அவருக்காகவே. ஆறு ஆண்டுகள் அது குறையின்றி உழைத்தது. ஏழாம் ஆண்டில் வந்த கோளாற்றையும், அப்போது நாங்கள் செய்த பிழையையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறோம். படிப்பவர்களில் ஒரு வீட்டாரேனும் எச்சரிக்கையடைந்தால் அதுவே போதும்.

முதலில் ஒருநாள் கீசரின் விளக்கு எரியவில்லை, வெந்நீரும் வரவில்லை. பழுது பார்க்க வந்த தம்பி கீழ்மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த சிறு பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. “கட்-அவுட் விழுந்திருக்கிறது, வேறொன்றுமில்லை” என்றார். மகிழ்ச்சியோடு பணம் கொடுத்து அனுப்பினோம். அது ஏன் விழுந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மீண்டும் விழுந்தது. அடுத்த வாரத்தில் இரண்டு முறை. இதற்கிடையே கீசர் வேறு சில அடையாளங்களையும் காட்டியது. உள்ளிருந்து அடுப்பில் உலை கொதிப்பது போன்ற ஓசை வந்தது. பக்கத்திலிருந்த சேஃப்டி வால்விலிருந்து நீர் சொட்டியது. குழாயைத் திறந்தால் முதலில் ஆவி சீறியது. ஓசைக்குக் கதவை மூடினோம். சொட்டுக்கு வாளி வைத்தோம். அந்தத் தம்பியை மறுபடி அழைத்தபோது, “இந்த கட்-அவுட்டே தொல்லை. நேராக இணைத்துவிட்டால் இனி விழாது” என்றார். விடிந்தால் உம்மாவுக்கு வெந்நீர் வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு. சரி என்று சொன்னவர்கள் நாங்களே. ஆகவே குற்றத்தை அவர் மீது மட்டும் சுமத்த எங்களுக்கு உரிமையில்லை.

அந்த ஏற்பாடு நான்கு நாள் நிலைத்தது. ஐந்தாம் நாள் பாங்குக்கு முன்னரே எழுந்த உம்மா குழாயைத் திறந்தார். நீரும் நீராவியும் கலந்து பீறிட்டு வலக்கையின் மீது விழுந்தன. அவருடைய குரல் கேட்டு ஓடிச் சென்று முதலில் எம்சிபியை அணைத்தோம். பற்பசை எடுக்க ஓடிய பிள்ளையைத் தடுத்து, சாதாரணக் குழாய் நீரைக் கையின் மீது இருபது நிமிடம் ஓடவிட்டோம். மருத்துவரும் அதுவே சரி என்றார். அல்ஹம்துலில்லாஹ், இரண்டு விரல்களில் கொப்புளத்தோடு போயிற்று. அந்தக் குழாயடியிலேயே பச்சைத் தண்ணீரில் உளூவை முடித்துக்கொண்ட உம்மா சொன்னார்: “எனக்கு இதுவே போதுமாக இருந்ததே, மக்களே.” அவர் கோபித்திருந்தால் எங்களுக்கு அவ்வளவு வலித்திராது.

அன்று மாலை வந்தவர் வயதில் மூத்த மெக்கானிக். மின்சாரத்தைத் துண்டித்து, கலத்திலிருந்த நீரை வடித்து, அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார். சுண்ணாம்புச் சூளையைத் திறந்தது போலிருந்தது. காயில் முழுவதும் வெள்ளைப் படிவு. கலத்தின் அடியில் கைப்பிடி கைப்பிடியாகச் செதில்கள். கலம் துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ள வேண்டிய மெக்னீசியத் தண்டு இருந்த இடத்தில், மெல்லிய கம்பி மட்டும் எஞ்சியிருந்தது.

காரணத்தை அவர் விளக்கியபோதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் வட்டாரத்தில் பல வீடுகள் போர்வெல்லையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 கூறும் அளவு. வாளியிலும் குழாய் முனையிலும் வெள்ளை பூக்கும் எங்கள் நீரை நாங்கள் ஒருநாளும் சோதித்ததில்லை. இத்தகைய நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கரையாத கார்பனேட்டாக மாறிப் படிகிறது. சூடு கூடக்கூடப் படிவும் கூடும்.

படிவு காயிலை மூடினால் மின்செலவு கூடும், காயிலும் விரைவில் கருகும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனை இருக்கும் குழலைப் படிவு மூடினால் வரும் தீங்கு அதைவிடப் பெரிது. நீர் 60 டிகிரியை எட்டிய செய்தி, கம்பளி போர்த்திய அந்த முனைக்குத் தாமதமாகவே போய்ச் சேர்கிறது. அதற்குள் நீர் அளவுக்கு மீறிச் சூடாகிவிடுகிறது. எங்கள் கீசரில் இதற்கு மேலும் ஒன்று நேர்ந்திருந்தது. தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் தீய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால், மின்சாரம் நிற்கவே இல்லை.

அந்நிலையில் வீட்டாரைக் காப்பதற்கென்றே வைக்கப்பட்ட இரண்டாம் காவல்தான் கட்-அவுட். தெர்மோஸ்டாட் தவறினால் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். மூன்றாம் காவல் சேஃப்டி வால்வு. அழுத்தம் மிகுந்தால் நீரை வெளியேற்றும். மூடிய கலத்தில் அழுத்தம் கூடினால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும்; வழி கிடைத்த கணத்தில் ஆவியாகச் சீறும். நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். கட்-அவுட் அடிக்கடி விழுந்தது நோயன்று. நோயை அறிவித்த குரல். நாங்கள் நோயை விட்டுவிட்டுக் குரலை நெரித்தோம்.

நேராக இணைக்கப்பட்டிருந்த வயர்களைக் கண்ட பெரியவர், “இதைச் செய்தது யார்?” என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, நாங்கள்தான் செய்யச் சொன்னோம் என்றோம். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு எங்கள் நினைவுக்கு வந்தது, அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து திர்மிதியில் பதிவாகியுள்ள ஒட்டகத்தின் செய்தி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, அவிழ்த்து விட்டுவிட்டு நம்புவதா என்று கேட்ட மனிதரிடம், கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இதைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டு ஒட்டகத்தின் கயிற்றை எங்கள் கையாலேயே அறுத்துவிட்டு, “ஒன்றும் ஆகாது, இன்ஷா அல்லாஹ்” என்று சொல்லிக்கொண்டு உறங்கினோம். எங்கள் அலட்சியத்துக்கு அந்த மேலான சொல்லைப் போர்வையாக்கியதற்கு அல்லாஹ்விடம் பாவமன்னிப்புத் தேடுகிறோம்.

உறங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாம் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மதீனாவில் ஓர் இரவில் ஒரு வீடு எரிந்துபோனபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும்முன் அதை அணையுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நெருப்பை இரவெல்லாம் சுவிட்சில் விட்டுவைக்கும் நமக்கும் அது பொருந்தும். அப்படி விட்டுவைக்கத் தேவையும் இல்லை. 25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் காயிலுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் போதும்.

சிரமமான வேளையிலும் உளூவை நிறைவாகச் செய்வதன் சிறப்பு ஹதீஸில் வந்துள்ளது. அதற்காகச் சிரமத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. வெந்நீரில் உளூச் செய்வதில் குற்றமும் இல்லை. ஆனால் மிகக் குளிர்ந்த நீரையும் மிகச் சூடான நீரையும் உளூவுக்குப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. இரண்டுமே உறுப்புகளை முழுமையாக நனைக்க விடாமல் தடுக்கும் என்பது காரணம். நடுத்தரமான சூடே நமக்கு நல்லது என்று அந்த அறிஞர்கள் அன்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெரியவர் படிவைச் சுரண்டிக் கழுவி, தெர்மோஸ்டாட், கட்-அவுட், மெக்னீசியத் தண்டு, வால்வு நான்கையும் புதிதாக மாற்றினார். எர்த் இணைப்பையும் சோதித்தார். அன்று முதல் சிலவற்றை வழக்கமாக்கிக்கொண்டோம். சூட்டளவை 60 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, பிறகே வெந்நீரைக் கலக்கிறோம். 60 டிகிரி நீர் சில வினாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும், முதியோர் தோலையும் குழந்தைகள் தோலையும் இன்னும் விரைவாக. ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்குமுன் கலத்தைத் திறந்து சுத்தம் செய்கிறோம். வால்வின் வாயை ஒருபோதும் அடைப்பதில்லை. கட்-அவுட் ஒருமுறை விழுந்தாலும், காரணம் தெரியும் வரை பொத்தானைத் தொடுவதில்லை.

உம்மாவின் விரல்கள் ஆறிவிட்டன. இப்போதும் ஃபஜ்ருக்கு அரை மணி நேரம் முன்பு நாங்கள் எழுந்து சுவிட்சைப் போடுகிறோம். சூடேறியதும் அணைத்துவிட்டே அவரை அழைக்கிறோம். அவரோ குழாயைத் திறக்குமுன் ஒருமுறை விளக்கை நிமிர்ந்து பார்த்து, அது அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்கிறார். அந்தப் பார்வை எங்களால் அவருக்கு வந்த பழக்கம்.

இன்று ஒருமுறை உங்கள் வீட்டுக் குளியலறையையும் பார்த்துவிடுங்கள். நம் பெற்றோரையும் பிள்ளைகளையும் நம் கவனக்குறைவின் தீங்கிலிருந்து அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.