தாங்கல், கலங்கல், புறம்போக்கு

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், நிலையப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தடம் இது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது ஒரு தோல் தொழிற்சாலை. சானடோரியத்துக்குப் பெயர் தந்தது 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை. பரங்கிமலையை அடுத்து வரும் பழவந்தாங்கலில் இருப்பதோ விவசாயிகளின் சொல்.

மழைநீரைத் தாங்கி வைக்கும் சிறிய ஏரிதான் தாங்கல். ஏரி வயலுக்கு, குளம் குளிப்பதற்கு, குட்டை மாடுகளுக்கு. ஏரியையே மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் என்பார்கள்; நெல்லையில் குளம் என்பார்கள். குடிநீருக்கென்றே இருப்பது ஊருணி.

ஏரியின் உறுப்புகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வயலுக்குத் தண்ணீர் திறப்பது மதகு. ஏரி நிரம்பியதும் மிச்சம் வழிந்தோடும் இடம் கலங்கல். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம், அடுத்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஓர் ஊரின் மிச்சம் அடுத்த ஊருக்கு வரவு.

இன்று வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. மதகுக்கு வேலை இல்லை. கலங்கலுக்கு மட்டும் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் வேலை இருக்கிறது. தண்ணீரின் வழியில் வீடு வந்தால் என்ன ஆகும் என்பதை தாம்பரத்துக்கு மேற்கே உள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் பார்த்தன. அடையாறு பெருகி, தெருக்களில் படகு ஓடியது.

இந்த வரிசையில் இன்னொரு சொல் புறம்போக்கு. இன்று அது வசவு. ஆனால் வரி விதிப்புக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கென ஒதுக்கிய நிலம் என்பதே அதன் பொருள். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். சொல்லின் மதிப்பு போனது. நிலத்தின் மதிப்பும் போனது. பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது பள்ளிக்கரணை சதுப்பில்தான். அதே சதுப்பு 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

இந்தப் பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் பத்திரத்தோடு பழைய வரைபடத்தையும் பார்ப்பது நல்லது. அப்படியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பெரியவரிடம் ஒரு கேள்வி: “ஐயா, இங்கே கலங்கல் எந்தப் பக்கம்?”