துணையின் கையில் எமது உயிர்

பயணம் என்றால் கட்டுச்சோறும் பெட்டியுமே ஆயத்தம் என்று எண்ணி வளர்ந்தவர் நாம். கதிர்காமத்துக்கோ நயினாதீவுக்கோ புறப்படுமுன் எமது வீட்டில் நடந்த ஆயத்தமெல்லாம் அவ்வளவே. வழியில் ஏதும் நேர்ந்தால் ஊரவர் இருப்பர், கடை இருக்கும், கேட்டால் ஒரு செம்பு தண்ணீர் தர எவரேனும் இருப்பர். கேட்பதற்கு ஒருவருமில்லாத இடத்துக்குப் புறப்படுவது வேறொரு வித்தை. அதனை எம்மிலும் இளையவன் ஒருவனுக்குக் கற்பிக்கப் புகுந்தபோதுதான் நாமே சரிவரக் கற்றோம்.

கனடாவின் கல்கரி நகரில் குடியேறிய பின் எமக்கு வாய்த்த பொழுதுபோக்கு, ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டியில் மலைக்குச் செல்வது. அதனைப் பாராதவர்களுக்காக ஒரு சொல்: முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்புறம் சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் நீண்ட றப்பர்ப் பட்டி, நடுவே மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற இருக்கை. வலக்கைப் பெருவிரலால் விசையை அழுத்தினால் வண்டி பாயும். இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட நிறையுள்ள அவ்வியந்திரம், நடந்து சென்றால் இடுப்பளவு புதையும் புதுப்பனியின் மேல் தோணிபோல் மிதந்து செல்லும். அந்த இன்பத்தை எழுத்தில் வடிப்பது எளிதன்று.

இவ்வகை வண்டிகளின் வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. கியூபெக் மாகாணத்தில் வாழ்ந்த ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர் என்னும் இயந்திர வல்லுநர், 1934ஆம் ஆண்டு மாரியில், பனி மூடிய பாதைகளைக் கடந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியின்றித் தம் இளம் மகனை இழந்தார். பனிமேல் ஓடும் வண்டிக்கான முயற்சியில் அவர் முன்பே ஈடுபட்டிருந்தார். அத்துயரின் பின்னும் அதைக் கைவிடவில்லை. பலர் ஏறிச் செல்லும் பெரிய வண்டிகளை முதலிற் செய்தார். 1959இல் ஸ்கீடூ என்னும் சிறு வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று விளையாட்டுக்காக நாம் ஏறும் இயந்திரத்தின் பின்னே ஒரு தந்தையின் துயரம் நிற்கிறது.

எமது தமக்கையார் ரொறன்ரோவில் வசிக்கிறார். அவருடைய மகன் 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, “மாமா, இந்த முறை என்னையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு ஓடத் தெரியும்” என்றான்.

அவன் சொன்னதிற் பொய்யில்லை. ஒன்ராறியோவில் இரண்டு மாரிகள் பனிவண்டி ஓட்டியவன் அவன். ஆனால் அங்குள்ள பாதைகள் தளமானவை. இயந்திரத்தால் சீராக்கி, அடையாளப் பலகையும் நாட்டப்பட்டவை. கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகியவன் நடுக்கடலில் நீந்துவேன் என்று சொல்வதைப் போன்றதே அவன் கூற்று. மலையில் வண்டியைத் திருப்புவதே வேறு விதம். சரிவின் குறுக்கே செல்லும்போது மேற்புறமாகச் சாய்ந்து, வண்டியை ஒரு பக்கத்தில் ஏந்தி நிறுத்தி ஓட்டவேண்டும். தவறினால் வண்டி மரங்களை நோக்கிக் கீழே இறங்கிவிடும்.

அன்றிரவே தமக்கையாரும் அழைத்தார். “தம்பி, உன்னை நம்பித்தான் பெடியனை விடுறன். பத்திரமாகக் கொண்டுவந்து சேர்” என்றார். அவனைக் காப்பது எமது பொறுப்பு என்றே நாமும் எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணம் பாதி உண்மை மட்டுமே என்பது பின்னர் தெரியவந்தது.

வருவதாயிருந்த மூன்றாவது தோழர் வேலை காரணமாக நின்றுவிட்டார். எஞ்சியவர் நாம் இருவரே. பயணத்தை விட்டுவிடுவோமா என்றும் யோசித்தோம். ஈற்றில் திட்டத்தைச் சுருக்கிக்கொண்டு செல்வதென முடிவு செய்தோம். அந்த இரவு கடதாசியை முன்னே வைத்து, எவருக்கு என்ன நேர்ந்தால் எவர் என்ன செய்வது என்று எழுதிப் பார்த்தோம். மருமகன் பனிச்சரிவிற் புதைந்தால் அவனைத் தேடித் தோண்டுவோர் நாம். நாம் புதைந்தால்? அந்த வரிக்கு எதிரே எழுதுவதற்கு அவன் பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை. இருவராகச் செல்லும் பயணத்தில் அனுபவசாலிக்கு வாய்த்த மீட்புப் படை முழுவதும் அந்த அனுபவமில்லாதவனே. அவனுக்குத் தெரியாதது எதுவோ, அதுவே எமது உயிருக்கும் எல்லை.

இதனை மிகையென்று கருதலாகாது. பனிச்சரிவிற் புதைந்தவர்களுள், பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டோரிற் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அதன் பின் அரைமணிக்குள் எடுக்கப்பட்டோரிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே பிழைக்கின்றனர். மலையிலே கைத்தொலைபேசி பெரும்பாலும் இயங்குவதில்லை. செய்மதி வழியாகச் செய்தி அனுப்பினாலும் ஹெலிகொப்டர் பத்து நிமிடத்தில் வந்துவிடாது. உதவி தேடி ஓடுபவன் தோழனை அங்கேயே விட்டு ஓடுபவனாவான். பக்கத்தில் நிற்பவன் தோண்டினால்தான் உயிர் உண்டு.

ஆகவே மருமகனிடம் ஒரு நிபந்தனை விதித்தோம்: “முதலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போ, பிறகு மலை.” கனடாவிற் பனிவண்டி ஓட்டுவோர்க்கென்றே பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்புகள் நடைபெறுகின்றன. பெப்ரவரியில் வந்திறங்கியவன் நேரே அவ்வகுப்புக்குச் சென்றான். திரும்பி வந்ததும், எமது வீட்டுக்கு அண்மையிலுள்ள பூங்காவில் ஒத்திகை தொடங்கினோம்.

ட்ரான்சீவர் என்பது மார்போடு கட்டிக்கொள்ளும் ஒரு சிறு கருவி. 457 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாது வானலைக்குறி அனுப்பிக்கொண்டிருக்கும். புதையாது தப்பியவர் தமது கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அக்குறியைப் பின்தொடர்வார். குறி மிக வலுவாகும் இடத்தில் நீண்ட துழாவுகோலைக் குத்திப் பார்ப்பார். கோல் ஆளைத் தொட்டதும் அதனை அப்படியே நிற்கவிட்டு, சவளால் தோண்டுவார். சொல்வதற்கு மூன்று வாக்கியம்; செய்வதற்கோ கை நடுங்கும்.

ஒரு சாக்கினுள் கருவியை வைத்துப் பனிக்குவியலிற் புதைத்தோம். மருமகன் முதல் முறை அதனை வெளியே எடுக்கப் பதின்மூன்று நிமிடம் சென்றது. அவன் முகம் வாடிவிட்டது. “பழக்கம் இல்லைத்தானே, பரவாயில்லை” என்று தேற்றிவிட்டு, எமது திறமையைக் காட்ட முன்வந்தோம். எமக்கோ பதினொரு நிமிடம்! பல ஆண்டுகளுக்கு முன் கற்ற கல்வி. அந்த மாரியில் ஒருமுறையேனும் பழகிப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, கோலுக்கு நேர் மேலே நின்று தோண்டிக்கொண்டிருந்தோம். “மாமா, சரிவின்ரை கீழ்ப்பக்கத்திலை நிண்டு, உள்ளுக்குத் தோண்டவேணும் எண்டு சொல்லித் தந்தவை” என்று பணிவாகத் திருத்தினான் மருமகன். வயதில் மூத்தவன், வண்டியிலும் மூத்தவன் என்ற எமது பெருமை அந்தப் பூங்காவில் சற்றுக் கரைந்தது. மூன்று மாலைகள் பழகினோம். இறுதியில் அவன் ஐந்து நிமிடத்துக்குள் எடுத்தான். நாம் ஆறு நிமிடத்துக்குள் எடுத்தோம்.

பின்பு சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வழியைத் தெரிந்தெடுத்தோம். எமக்குப் பிடித்த வழிகளையெல்லாம் ஒதுக்கி வைத்தோம். அவனால் களைப்பின்றிச் சென்று மீளக்கூடியது எதுவோ அதுவே வழி என்று வகுத்தோம். பெற்றோலில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, மூன்றிலொரு பங்கு வருவதற்கு, எஞ்சிய பங்கு எதிர்பாராததற்கு. பிற்பகல் இரண்டு மணிக்கு, எங்கே நின்றாலும் திரும்புவது. சவளும் துழாவுகோலும் முதுகுப்பையில் இருக்கவேண்டும், வண்டியிற் கட்டலாகாது. சரிவு வந்தால் வண்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகிவிடுவதுண்டு. சரிவான இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே செல்வது. மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்திருப்பது. மேலே ஒருவரின் வண்டி புதைந்துவிட்டால், உதவுகிறேன் என்று மற்றவர் மேலேறிச் செல்லாதிருப்பது. போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதித் தமக்கையாருக்கு அனுப்பினோம்.

கடைசியாக ஒரு விதி: இருவருள் எவரேனும் ‘வேண்டாம்’ என்றால் அதுவே முடிவு. காரணம் கேட்பதில்லை, கேலி செய்வதில்லை. அவனுடைய அச்சத்தை மனத்தில் வைத்தே அவ்விதியை எழுதினோம்.

கல்கரியிலிருந்து ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் மேற்கே, றொஜர்ஸ் கணவாயைத் தாண்டி, றெவல்ஸ்ரோக் என்னும் ஊர் உள்ளது. பனிவண்டிக்காரர் பெரிதும் நாடும் ஊர். கார் ஓட்டிச் செல்கையில் மருமகனுக்கு இரண்டு செய்திகளைக் கூறினோம். 2008ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி, பேர்னி என்னும் ஊருக்கு அண்மையில் பதினொருவர் பனிவண்டியில் மலை சென்றிருந்தனர். முதலில் ஒரு சரிவு சிலரைப் புதைத்தது. ஏனையோர் ஓடிவந்து தோண்டிக்கொண்டிருக்க, மீண்டும் சரிவு வந்து அவர்களையும் மூடியது. உயிர் தப்பியோர் மூவர், மாண்டோர் எண்மர். 2010ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி, அதே றெவல்ஸ்ரோக்கின் போல்டர் மலையிலே, ஏராளமானோர் கூடியிருந்த சரிவின் மேல் பனி சரிந்து இருவர் மாண்டனர், பலர் காயமுற்றனர். மருமகன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

காலையில் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் பார்த்தோம். ஆபத்தை ஐந்து படிகளாக வகுத்து, மலையின் உயரத்துக்கேற்ப நாள்தோறும் வெளியிடுவார்கள். அன்று மரங்கள் நிறைந்த கீழ்ப்பகுதிக்கு இரண்டாம் படி. மரங்களற்ற உச்சிக்கு மூன்றாம் படி. மூன்று என்பது ஐந்தின் நடுவே இருப்பதால் பாதி ஆபத்துத்தானே என்று பலர் ஏமாறுவர். உண்மையில் மனிதரின் நிறையாலேயே சரிவு கிளம்பக்கூடிய நிலை அது.

முற்பகல் முழுவதும் ஒரு தட்டையான வெளியிலே மருமகன் பழகினான். ஏழு முறை வண்டியைப் புதைத்தான். ஏழு முறையும் இருவருமாகத் தோண்டினோம். எட்டாம் முறை அவன் வண்டி சாய்ந்து, மிதந்து, அழகாக வளைந்து திரும்பியது. தலைக்கவசத்துக்குள் இருந்து அவன் கூவியது எமது காதுக்கும் எட்டியது.

நண்பகலில் மர எல்லையின் விளிம்பை அடைந்தோம். முன்னே ஒரு வெண்ணிறச் சரிவு, மடித்து விரித்த வேட்டிபோல் கிடந்தது. ஏற்கெனவே இரண்டொரு வண்டித் தடங்கள் உச்சிவரை சென்றிருந்தன. முந்திய ஆண்டுகளில் நாம் பன்முறை ஏறிய சரிவு அது. எமது பெருவிரல் துடித்தது. “நீ இங்கை நில். நான் ஒருக்கால் ஏறிட்டு வாறன்” என்றோம்.

மருமகன் தன் பையிலிருந்து சாய்வுமானியை எடுத்துப் பார்த்தான். “முப்பத்துநாலு பாகை, மாமா” என்றான். முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட சரிவுகளிலேதான் பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன. இது எமக்குத் தெரியாததன்று.

“முந்திப் பத்துத்தரம் ஏறியிருக்கிறன்.”

“இருக்கலாம். ஆனால் நீங்கள் புதைஞ்சால் தோண்டுறதுக்கு நான் ஒருத்தன்தானே நிக்கிறன். வேண்டாம், மாமா.”

எமக்குச் சினம் வந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. நேற்று வந்த பெடியன் எமக்குப் புத்தி சொல்வதா என்று ஒரு கணம் மனம் கொதித்தது. ஆனால் விதி எழுதியது எமது கையே. வண்டியைத் திருப்பினோம்.

அன்று அந்தச் சரிவு சரியவில்லை. நாம் ஏறியிருந்தால் சரிந்திருக்குமா என்பதற்கும் விடையில்லை. நாம் முன்னர் ஏறிய பத்துத் தடவைகளும் இப்படித்தான்: எமது அறிவு காத்ததா, அதிர்ஷ்டம் காத்ததா என்பதை மலை ஒருபோதும் சொல்லவில்லை. தவறான முடிவெடுத்தவனையும் பலமுறை சும்மா விட்டுவிடுகிறது அது. அவனோ அதனை அனுபவம் என்று பெயரிட்டுச் சேர்த்து வைக்கிறான். அவ்வாறு சேர்த்த கணக்கு ஏதும் இல்லாத மருமகனுக்கு, முப்பத்துநாலு என்பது முப்பத்துநாலாகவே தெரிந்தது.

மாலையில் தமக்கையாரை அழைத்து, வந்து சேர்ந்துவிட்டோம் என்று அறிவித்தோம். “அப்பாடா! பெடியனைப் பத்திரமாகக் கொண்டுவந்திட்டாய்” என்றார். “இல்லை அக்கா, அவன்தான் என்னைக் கொண்டுவந்தவன்” என்றோம். விளையாட்டாகச் சொல்கிறோம் என்று எண்ணி அவர் சிரித்தார்.

அடுத்த மாரி தொடங்கியபோது மருமகன் மீண்டும் அழைத்தான். வழியைப் பற்றியோ வண்டியைப் பற்றியோ அவன் கேட்கவில்லை. “மாமா, ட்ரான்சீவருக்குப் பற்றரி மாத்திட்டீங்களா?” என்பதே அவனது முதற் கேள்வி. மாற்றியிருக்கவில்லை. அன்றே கடைக்குச் சென்று வாங்கினோம்.